10 வாட் எல்இடி விளக்கை நாமே செய்வது: மின்னோட்டமும் வெப்பமும்

மின்னணுக் கருவிகளின் முகப்பில் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரும் சிறிய எல்இடியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் வழியே ஓடும் மின்னோட்டம் பெரும்பாலும் 20 மில்லியாம்பியருக்கு உட்பட்டது. அது எடுத்துக்கொள்ளும் திறனும் ஏறத்தாழ 0.06 வாட்டுக்குள் அடங்கிவிடும். பொருத்தமான ஒரு மின்தடையோடு சேர்த்து மின்கலத்தில் இணைத்துவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் ஒளிரும். அதே பழக்கத்தில் 10 வாட் எல்இடி ஒன்றை 12 வோல்ட் மின்கலத்தில் நேரடியாக இணைத்துப் பார்ப்பவருக்குச் சில நொடிகள் கண்கூசும் வெளிச்சம் கிடைக்கும். அடுத்துச் சற்றே நீலம் பாய்ந்த ஒளி தெரியும். அதன்பின் எதுவும் தெரியாது.

இரண்டும் ஒரே பெயர் கொண்டவை, ஒரே இயற்பியல் விதிப்படி ஒளிர்பவை. ஆயினும் திறன் நூறு மடங்குக்கு மேல் கூடும்போது, சிறியதில் பொருட்படுத்தத் தேவையில்லாத இரண்டு செய்திகள் பெரியதில் முழு வேலையாகவே ஆகிவிடுகின்றன. மின்னோட்டத்தை அளவோடு நிறுத்துவது ஒன்று. வெப்பத்தை வெளியேற்றுவது மற்றொன்று. புதிதாக விளக்கு செய்ய முனைகிறவர்கள் லென்ஸைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் பெட்டியின் தோற்றத்தைப் பற்றியும் நிறைய யோசிப்பார்கள். என்னைக் கேட்டால், இந்த வேலையில் பாதிக்கு மேல், எல்இடியின் வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் ஓர் அலுமினியத் தகட்டைப் பற்றியது என்பேன். ஆகவே இக்கட்டுரை 10 வாட் எல்இடி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை ஏறத்தாழ 6 வாட்டில் இயக்கும் மேசை விளக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறது. 10 வாட் தாங்கும் பொருளை ஏன் 6 வாட்டில் இயக்க வேண்டும் என்பதற்கும் இடையில் விடை வரும்.

உயர்திறன் எல்இடி என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1 வாட்டும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும் வகையாகும். 1 வாட், 3 வாட் எல்இடிகள் பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள, நட்சத்திர வடிவில் வெட்டப்பட்ட அலுமினியப் பலகையின் மேல் பற்றவைக்கப்பட்டுக் கிடைக்கின்றன. 10 வாட்டிலிருந்து தொடங்கும் பெரிய வகையில், ஒளி தரும் பல சிறு சில்லுகளை (சிப்) ஒரே உலோகத் தளத்தில் நெருக்கமாகப் பதித்து, அவை அனைத்தின் மேலும் மஞ்சள் நிறப் பூச்சு ஒன்றை ஊற்றியிருப்பார்கள். இதனைச் சிஓபி (சிப் ஆன் போர்டு) என்கிறார்கள். 10 வாட் சிஓபியில் வழக்கமாக ஒன்பது சில்லுகள் இருக்கும். மூன்று சில்லுகள் தொடராக இணைந்த வரிசைகள் மூன்று பக்க இணைப்பில் இருப்பதால், அது 9 முதல் 11 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 900 மில்லியாம்பியரை எடுத்துக்கொள்ளும். 100 வாட் சிஓபியில் பத்துக்குப் பத்தாக நூறு சில்லுகள் இருக்கும். அதற்கு 30 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தமும் 3 ஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். முதல் முயற்சிக்கு அது உகந்ததன்று.

அந்த மஞ்சள் பூச்சைப் பற்றி ஒரு சொல். அதன் அடியிலுள்ள சில்லு வெள்ளை ஒளியைத் தருவதில்லை. நீல ஒளியையே தருகிறது. நீல ஒளியின் ஒரு பகுதியைப் பூச்சிலுள்ள பாஸ்பர் உறிஞ்சி மஞ்சளாக மாற்றி வெளியிடுகிறது. எஞ்சிய நீலமும் புதிதாக வந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றுகின்றன. சிவப்பு எல்இடி 1962ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீல எல்இடி கிடைக்க 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாத்தியமாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மிகையான மின்னோட்டத்தில் எல்இடி சாகும் முன் நீலம் பாய்வதற்கும் இந்தப் பூச்சே காரணம்: சூடேறிய பாஸ்பர் மஞ்சளாக மாற்றும் திறனை இழக்கிறது, அடியிலுள்ள நீலம் மிகுந்து தெரிகிறது. கையில் உள்ள விளக்கின் வெள்ளை வழக்கத்துக்கு மாறாக நீலமாகத் தெரிந்தால், அழகை ரசிக்காமல் மின்சாரத்தை நிறுத்துவதே முதல் வேலை.

குளிர்ந்த ஒளி என்னும் தவறான எண்ணம்

எல்இடி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். எல்இடியின் முன்னால் கையை நீட்டினால் சூடு தெரியாது என்பது உண்மைதான். குண்டு பல்பின் முன்னால் நீட்டினால் கை காயும். ஆனால் இந்த வேறுபாடே எல்இடிக்குப் பெரும் இடைஞ்சலாக இருக்கிறது. குண்டு பல்பின் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி செல்சியஸில் எரிகிறது; அதன் வெப்பத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக ஒளியோடு சேர்ந்தே முன்னோக்கி வெளியேறிவிடுகிறது. அந்த இழை சூடாக இருந்தால்தான் வேலையே நடக்கும் என்பதால் அதைக் குளிரவைக்கும் தேவையும் இல்லை. எல்இடி அகச்சிவப்பாக வெப்பத்தை அனுப்புவதில்லை. அதற்குள் போகும் மின்திறனில் நல்ல தரமான வகையிலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரையே ஒளியாகிறது என்று கொண்டால், மீதி முழுவதும் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லுக்குள் வெப்பமாகத் தங்குகிறது. அதற்கு வெளியேறும் வழி முதுகுப்பக்கம் மட்டுமே.

சில்லு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை ஒவ்வோர் எல்இடியின் தரவுத் தாளும் சொல்லும். உச்சவரம்பு பெரும்பாலும் 120 முதல் 150 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். அது தொடக்கூடாத எல்லை. அந்த அளவில் வைத்து இயக்கலாம் என்பது அதன் பொருளன்று. 85 டிகிரியை ஒட்டி வைத்திருந்தால் எல்இடி நெடுநாள் உழைக்கும் என்று எடுத்துக்கொள்வது நல்ல நடைமுறை. சூடு கூடக் கூட ஒளி குறைகிறது, ஆயுளும் தேய்கிறது. விளம்பரங்களில் காணும் 50,000 மணி நேரம் என்னும் எண்ணுக்கும் ஒரு நுட்பமான பொருள் உண்டு. அத்தனை மணி நேரத்துக்குப் பின் விளக்கு எரியாமல் போய்விடும் என்று அது சொல்லவில்லை. வெளிச்சம் தொடக்க அளவில் 70 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும் என்றே சொல்கிறது. நாளொன்றுக்கு 5 மணி நேரம் என்று கணக்கிட்டால் அது 27 ஆண்டுகள் ஆகும். வெப்பத்தைச் சரியாக வெளியேற்றியிருந்தால்தான் அந்தக் கணக்கு செல்லும்.

மின்னழுத்தம் அன்று, மின்னோட்டம்

குண்டு பல்பில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால் 12 வோல்ட்டில் இணைக்கிறோம்; வேலை முடிந்தது. எல்இடியை அவ்வாறு அணுக இயலாது. அதற்கு ஏரியின் கலிங்கு நல்ல ஒப்புமை. ஏரியில் நீர் எவ்வளவு ஏறினாலும் கலிங்கின் விளிம்பை எட்டும் வரை ஒரு சொட்டும் வெளியேறாது. விளிம்பைத் தாண்டி நான்கு விரற்கடை ஏறிவிட்டாலோ வெள்ளமாகப் பாயும். வெள்ளை எல்இடியின் ஒரு சில்லுக்கு அந்த விளிம்பு ஏறத்தாழ 2.7 வோல்ட்டில் இருக்கிறது. 3 வோல்ட்டுக்கு மேல் ஒவ்வொரு 0.1 வோல்ட் உயர்வுக்கும் மின்னோட்டம் தாவித் தாவிக் கூடுகிறது. ஆகவே எல்இடிக்கு இத்தனை வோல்ட் கொடு என்று சொல்வதைவிட, இத்தனை மில்லியாம்பியர் கொடு, வோல்ட்டை அதுவே தீர்மானித்துக்கொள்ளும் என்று சொல்வதே சரியாகும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்இடி சூடாகும்போது அந்தக் கலிங்கின் விளிம்பு தாழ்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சில்லின் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் குறைகிறது. மின்னழுத்தத்தை மட்டும் நிலையாக வைத்திருந்தால், சூடேறிய எல்இடி கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்; கூடுதல் மின்னோட்டம் கூடுதல் சூட்டைத் தரும்; அந்தச் சூடு மீண்டும் மின்னோட்டத்தை ஏற்றும். முன்னே சொன்ன 12 வோல்ட் சோதனையில் நடந்தது இதுவே. வெப்பமும் மின்னோட்டமும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றினாலும் ஒன்றின் கழுத்தை மற்றொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த மிக எளிய வழி ஒரு மின்தடை. 1 வாட் எல்இடிகள் மூன்றைத் தொடராக இணைத்து 12 வோல்ட்டில் இயக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 350 மில்லியாம்பியரில் 3.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் 9.6 வோல்ட் ஆகும். எஞ்சிய 2.4 வோல்ட்டை 0.35 ஆம்பியரால் வகுத்தால் 6.86 ஓம் வருகிறது. கடையில் கிடைக்கும் நெருங்கிய மதிப்பு 6.8 ஓம். அந்த மின்தடையில் வீணாகும் திறன் 2.4 வோல்ட்டை 0.35 ஆம்பியரால் பெருக்கக் கிடைக்கும் 0.84 வாட். எனவே கால் வாட் மின்தடை கருகிவிடும். 2 வாட் மின்தடை வேண்டும்.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. ஆனால் 12 வோல்ட் என்று பெயர் பெற்ற ஈய அமில மின்கலம், மின்னேற்றத்தில் இருக்கும்போது 14.4 வோல்ட் வரை போகும். அப்பொழுது எல்இடிகளின் மின்னழுத்தம் சற்றே உயர்ந்து 10.2 வோல்ட் ஆனாலும், மின்தடையின் குறுக்கே 4.2 வோல்ட் நிற்கும்; மின்னோட்டம் 600 மில்லியாம்பியரைத் தாண்டிவிடும். 350க்கு வடிவமைத்த விளக்கில் இது ஏறக்குறைய இரு மடங்கு. மின்னழுத்தம் மாறாத அடாப்டரில் சிறு விளக்கை இயக்க மின்தடை போதும். மின்கலத்தில் இயங்கும் விளக்குக்கும் 5 வாட்டுக்கு மேற்பட்ட எதற்கும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்த படி எல்எம் 317 என்னும் பழைய மின்னழுத்தச் சீராக்கியை மின்னோட்டச் சீராக்கியாகப் பயன்படுத்துவது. இந்தச் சிறு கருவி தன் வெளியீட்டு முனைக்கும் சரிசெய் முனைக்கும் இடையே எப்பொழுதும் 1.25 வோல்ட்டை நிலைநிறுத்தும் இயல்புடையது. அவ்விடத்தில் 3.6 ஓம் மின்தடையை வைத்து அதன் வழியே எல்இடிக்கு மின்னோட்டத்தை அனுப்பினால், 1.25ஐ 3.6ஆல் வகுக்கக் கிடைக்கும் 347 மில்லியாம்பியருக்கு மேல் ஓடாது. மின்கலம் 12 வோல்ட்டானாலும் 14 வோல்ட்டானாலும் வேறுபாடு இல்லை. புதியவர்கள் இதில் இடறும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சுற்று தான் இயங்குவதற்கே ஏறத்தாழ 3 வோல்ட்டைத் தனக்கென வைத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் மூன்று எல்இடிகளைத் தொடராக இணைத்தால் மீதம் இருப்பது 2.4 வோல்ட் மட்டுமே என்பதால் சீராக்கி தன் வேலையைச் செய்ய முடியாமல் விளக்கு மங்கலாக எரியும். இரண்டு எல்இடிகள் இணைத்தால் சரியாக இயங்கும். ஆனால் மிகுந்துவிடும் மின்னழுத்தம் முழுவதும் எல்எம் 317இலும் அதன் மின்தடையிலும் வெப்பமாகும். இதன்படி எல்இடிக்குப் போவது 2.2 வாட், வீணாவது 2 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கற்றுக்கொள்ள அருமையான சுற்று. அன்றாட விளக்குக்கு அது ஊதாரி.

நடைமுறையில் நாம் நாட வேண்டியது நிலை மின்னோட்ட டிரைவர். அது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பி, ஒரு சுருளில் தேக்கி, எல்இடிக்குத் தேவையான மின்னோட்டத்தை மட்டும் கொடுக்கிறது. மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கும் வகையைப் பக் என்றும் ஏற்றிக் கொடுக்கும் வகையைப் பூஸ்ட் என்றும் சொல்கிறார்கள். நல்ல பக் டிரைவரில் வீணாவது பத்தில் ஒரு பங்கு அளவே. நம் மேசை விளக்குக்குப் பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரும், வெளியீட்டின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனித் திருகால் அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பக் டிரைவர் பலகையும் போதுமானவை.

அடாப்டரைச் சொன்னதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. வீட்டு மின்சாரத்தை நேரடியாக எடுத்துக்கொள்ளும் எல்இடி டிரைவர்களில் பலவற்றில் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மின்காப்பு கிடையாது. அத்தகைய டிரைவரில் எல்இடியின் முனைகள் மின்வழங்கலின் உயிர்க்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கக்கூடும். எல்இடி ஓர் அலுமினியத் தகட்டின் மேல் இருக்கிறது, இடையில் இருப்பது மெல்லிய மின்காப்புப் படலம் மட்டுமே, தகட்டை நாம் கையால் தொடுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் ஆபத்து புரியும். மடிக்கணினி அடாப்டரில் மின்காப்பு உள்ளேயே இருக்கிறது. வெளியே வரும் 19 வோல்ட் உலர்ந்த கையால் தொட்டால் அதிர்ச்சி தராது. முதல் விளக்கில் வீட்டு மின்சாரத்தை நம் கையால் பற்றவைக்கும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

தகட்டின் கணக்கு

சில்லிலிருந்து காற்று வரை வெப்பம் செல்லும் வழியை ஒரு மின்சுற்றைப் போலவே கணக்கிடலாம். வழியில் உள்ள ஒவ்வொரு பொருளும் வெப்பத்துக்கு ஒரு தடையாக நிற்கிறது. ஒரு வாட் வெப்பம் அதைக் கடக்கும்போது எத்தனை டிகிரி வேறுபாடு உண்டாகிறது என்பதே அந்தத் தடையின் அளவு. சில்லிலிருந்து எல்இடியின் அடித்தளம் வரை வாட்டுக்கு 3 டிகிரி, அடித்தளத்துக்கும் தகட்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட் என்னும் வெப்பம் கடத்தும் பசையில் அரை டிகிரி, தகட்டிலிருந்து காற்றுக்கு 5 டிகிரி என்று நம் விளக்குக்கு வைத்துக்கொள்வோம். கூட்டினால் வாட்டுக்கு 8.5 டிகிரி. அறையின் வெப்பநிலை 35 டிகிரி, எல்இடிக்குப் போகும் திறன் 6 வாட் என்றால், சில்லின் வெப்பநிலை அறையைவிட 51 டிகிரி கூடி 86 டிகிரி ஆகும். 10 வாட் என்று பெயர் பெற்ற இந்த எல்இடி 10 வோல்ட்டில் 900 மில்லியாம்பியரை எடுக்கும்போது வரும் முழு அளவான 9 வாட்டைக் கொடுத்தால் இதுவே 111 டிகிரியைத் தாண்டும். ஒளியாக வெளியேறும் பங்கை இக்கணக்கில் கழிக்கவில்லை. முழு மின்திறனும் வெப்பமாவதாகவே கொண்டிருக்கிறோம். அந்த மிகைமதிப்பீடு நமக்குச் சாதகமான பிழை என்பதால் அப்படியே இருக்கட்டும்.

10 வாட் எல்இடியை 6 வாட்டில் இயக்குவதன் ஆதாயம் இப்பொழுது தெரிகிறது. சூடு குறைவது ஒன்று. இன்னொன்று, எல்இடியின் வழியே மின்னோட்டம் கூடக் கூட ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் ஒளி குறைந்துகொண்டு வருகிறது. ஆகவே திறனை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் ஒளி அந்த அளவுக்குக் குறைவதில்லை. கண்ணும் வெளிச்சத்தை நேர் விகிதத்தில் உணர்வதில்லை என்பதால், இழந்தது பெரும்பாலும் தெரியவே தெரியாது. மேலும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஓர் எல்இடியை வருத்துவதைவிட இரண்டு எல்இடிகளை நிதானமாக இயக்குவதே சிறந்தது.

வாட்டுக்கு 5 டிகிரி என்னும் தகடு எவ்வளவு பெரியது? விசிறி இல்லாமல் தானே எழும் காற்றோட்டத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் தோராயமாக 10 வாட் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும். வாட்டுக்கு 5 டிகிரி என்பதற்கு இதன்படி 0.02 சதுர மீட்டர், அதாவது 200 சதுர சென்டிமீட்டர் பரப்பு தேவை. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள சதுரத் தகட்டின் இரு முகங்களும் சேர்ந்தால் சரியாக அந்த அளவு வந்துவிடும். வாட்டுக்கு 30 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்குச் சற்று மேல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற அளவுகளுக்கும் உதவும். தகட்டின் கனம் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். தகரத்தைப் போன்ற மெல்லிய தகட்டில் நடுப்பகுதி மட்டும் சுட, ஓரங்கள் வேலை செய்யாமல் குளிர்ந்தே கிடக்கும். வெப்பத்தை வெளியேற்றவென்றே செய்யப்பட்ட, செதில்கள் கொண்ட ஹீட் சிங்க் கிடைத்தால் இடம் மிச்சமாகும். எதுவாயினும் செங்குத்தாக நிற்கும்படி பொருத்துவது நல்லது, ஏனெனில் சூடான காற்று மேலே எழும் வழியைச் செதில்கள் தடுக்கக் கூடாது.

தகட்டைவிட நுணுக்கமானது, தகடும் எல்இடியும் சேரும் இடம். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இரண்டு உலோக முகங்களை ஒட்டிவைத்தாலும் அவை உண்மையில் சில புள்ளிகளில்தான் தொடுகின்றன. மற்ற இடங்களில் மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது. அலுமினியம் காற்றைப் போலப் பல்லாயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. தெர்மல் பேஸ்ட்டோ அலுமினியத்தைவிடப் பன்மடங்கு மோசமான கடத்தி; ஆனால் காற்றைவிட எவ்வளவோ மேல். ஆகவே பேஸ்ட்டின் வேலை அந்த இடைவெளிகளை நிரப்புவது மட்டுமே. தடிமனாகப் பூசினால் உலோகங்களைப் பிரித்து வைத்துக் கெடுதலே செய்யும். அரிசி அளவு ஒரு சொட்டை நடுவில் வைத்து, எல்இடியை அழுத்தித் திருகினால் போதும்.

திருகுவதிலும் ஒரு பாடம் உண்டு. நான் செய்த விளக்குகளில் ஒன்று, தகடு குளிர்ந்தே இருக்க, எல்இடி மட்டும் மங்கிக்கொண்டு வந்தது. கழற்றிப் பார்த்தபோது பேஸ்ட் ஒரு மூலையில் மட்டும் பரவியிருந்தது. முதல் திருகையே முழுவதும் இறுக்கிவிட்டதால் அடித்தளம் எதிர்மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. நான்கு திருகுகளையும் தளர்வாகப் போட்டுவிட்டு, மூலைவிட்டமாக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அதன்பின் ஒருமுறை கழற்றி, பேஸ்ட்டின் தடம் அடித்தளம் முழுவதும் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் பொருத்துவது வீண் வேலையன்று. சூடான எல்இடி, குளிர்ந்த தகடு என்றால் இடையிலுள்ள தொடர்பு சரியில்லை என்று பொருள். தகடு சுடுவது நல்ல அறிகுறி, வெப்பம் அங்கே வந்து சேர்கிறது.

கட்டும் முறை

கம்பிகளைப் பற்றவைப்பதை எல்இடியைத் தகட்டில் பொருத்தும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பொருத்திய பிறகு முயன்றால் சால்டரிங் அயர்ன் கொடுக்கும் சூட்டைத் தகடு உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்ளும். ஈயம் உருகி ஒட்டாது. எல்இடியின் முனைகளில் நேர், எதிர் அடையாளங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றி இணைப்பதை எல்இடிகள் சிறிதளவே தாங்கும்; ஒரு சில்லுக்கு 5 வோல்ட்டுக்கு மேற்பட்ட எதிர் மின்னழுத்தம் பெரும்பாலானவற்றைக் கெடுத்துவிடும். நடுவிலுள்ள மஞ்சள் பகுதி மென்மையான சிலிக்கோன். அதன் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சில்லுகளை இணைக்கின்றன. விரலால் அழுத்தினால் அவை அறுந்துவிடக்கூடும் என்பதால் எல்இடியை ஓரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும்.

அடாப்டருக்கும் டிரைவருக்கும் இடையே நேர்க் கம்பியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வைக்கலாம். நம் விளக்கு உள்ளீட்டில் இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் மடிக்கணினி அடாப்டர் 3 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வல்லது, குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அது மெல்லிய கம்பியைச் சூடாக்கும். அடாப்டரின் முனையில் எது நேர், எது எதிர் என்பதை ஊகிக்காமல், மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிரைவரை அமைக்கும் வரிசை முக்கியமானது. முதலில் எல்இடி இல்லாமல் டிரைவருக்கு மின்சாரம் கொடுத்து, வெளியீட்டு மின்னழுத்தத்தை 12 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னர் மின்னோட்டத் திருகைக் குறைந்த அளவுக்கு முழுவதும் திருப்பிவிட்டு, மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மல்டிமீட்டரின் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, எல்இடியின் நேர்க் கம்பியில் அதைத் தொடராகச் சேர்த்து மீண்டும் மின்சாரம் கொடுத்தால் எல்இடி மங்கலாக ஒளிரும். அங்கிருந்து மின்னோட்டத் திருகை மெல்ல மெல்லத் திருப்பி 600 மில்லியாம்பியரில் நிறுத்திக்கொள்ளலாம். அப்பொழுது எல்இடியின் குறுக்கே ஏறத்தாழ 9.5 வோல்ட் இருக்கும், பெருக்கினால் 5.7 வாட். எல்இடியை முதலில் இணைத்துவிட்டு அதன்பின் மின்னழுத்தத்தை அமைக்க முனைந்தால், திருகு முன்பு எங்கே நின்றிருந்தது என்பது தெரியாத நிலையில் ஒரே நொடியில் எல்இடியை இழக்க நேரும்.

இந்தச் சோதனைகளின்போது எரியும் எல்இடியை நேராகப் பார்க்கக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் பல நூறு லூமன் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) ஒளி குவிந்திருக்கிறது. பார்த்துவிட்டால் சிறிது நேரம் கண்முன் கரும்புள்ளி மிதக்கும். எல்இடியைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டோ, மேலே ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துக்கொண்டோ வேலை செய்வது நல்லது.

வெளிச்சத்தின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 800 லூமன் தருகிறது. வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்இடியை 6 வாட்டில் இயக்கினால் 600 லூமன் கிடைக்கும். ஒரு மேசைக்கு அது தாராளம். நிறத்தைக் கெல்வின் என்னும் அலகில் குறிக்கிறார்கள்: 2,700 கெல்வின் குண்டு பல்பின் மஞ்சள் சாயல் கொண்டது, 4,000 நடுநிலை வெள்ளை, 6,500 நீலச் சாயல் கொண்ட வெள்ளை. இரவில் படிப்பதற்கு 4,000க்கு உட்பட்டதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஓவியமோ தையலோ செய்கிறவர்கள் நிறங்களின் உண்மைத் தோற்றத்தைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்குக் குறையாததைத் தேட வேண்டும். சிஓபி எல்இடி ஏறத்தாழ 120 டிகிரி விரிவில் ஒளியைப் பரப்புவதால் மேசை விளக்குக்கு லென்ஸ் தேவையில்லை; கண்கூச்சத்தைத் தணிக்கப் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைச் சில சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

விளக்கைக் கட்டி முடித்தவுடன் பெட்டிக்குள் அடைத்துவிடக் கூடாது. திறந்த நிலையிலேயே அரை மணி நேரம் எரியவிட்டு, எல்இடிக்குப் பக்கத்தில் தகட்டின் வெப்பநிலையை மல்டிமீட்டரின் வெப்ப உணரியால் அளக்க வேண்டும். திறனில் ஒரு பங்கு ஒளியாகப் போய்விடுவதால், நம் கணக்கின்படி தகட்டுக்கு வரும் 65 டிகிரிக்குப் (அறையின் 35 டிகிரியோடு, 6 வாட்டுக்கு வாட்டுக்கு 5 டிகிரி வீதம் 30 டிகிரி) பதிலாகத் தகடு 55 டிகிரியை ஒட்டி நிற்கும். உணரி இல்லாதவர் விரலை வைத்துப் பார்க்கலாம்: 50 டிகிரியில் விரலைச் சற்று நேரம் வைத்திருக்க முடியும், 60 டிகிரியில் சில நொடிகளில் எடுத்துவிடத் தோன்றும். மின்னோட்டத்தையும் மீண்டும் அளந்து, குளிர்ந்த நிலையில் இருந்த 600இலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடியிருந்தால் டிரைவர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை, மின்னழுத்த வரம்பே விளக்கை இயக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். 12 வோல்ட்டாக அமைத்த திருகு குறைவாக நின்றுவிட்டதா என்று அங்கே தேட வேண்டும்.

இவை சரியாக இருந்தால் பெட்டியை மூடலாம்; மூடியபின் அதே அரை மணி நேரச் சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். பெட்டிக்குள் சிக்கிய காற்று 55 டிகிரிக்குச் சூடாகிவிட்டால், தகட்டுக்கு அறை என்பது இனி 35 டிகிரி அன்று, 55 டிகிரி. சில்லின் வெப்பநிலையும் அதே 20 டிகிரி ஏறிவிடும். அப்படி நேர்ந்தால் மின்னோட்டத்தைக் குறைக்க முனையும் முன், பெட்டியின் அடியிலும் மேலும் துளைகள் இட்டுப் பார்க்கலாம், அல்லது தகட்டையே பெட்டியின் வெளிச்சுவராக ஆக்கிவிடலாம்.